நாமகிரியும் ஹார்டியின் குடையும்

கணித மேதை ராமானுஜனுக்குச் சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயார்தான் கனவில் வந்து சொன்னாள் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டியோ பழுத்த நாத்திகர். கிரிக்கெட் பார்க்கப் போனால் குடை, ஸ்வெட்டர், திருத்த வேண்டிய தாள்கள் என்று சுமந்துகொண்டு போவார். இவன் மழைக்குக் காத்திருக்கிறான் என்று நினைத்து, ஏமாற்றுவதற்காகவே கடவுள் வெயிலடிக்க வைத்துவிடுவாராம். இல்லாத கடவுளோடு இத்தனை வம்பு! ஆனால் ராமானுஜனிடம் அவர் விடாமல் கேட்டது நிரூபணம். என் ஓட்டு அதற்குத்தான். சூத்திரம் எப்படி வந்தது என்பது அவரவர் பூஜையறைச் சமாசாரம். சரியா தப்பா என்பது அப்படியல்ல. 1920 ஜனவரியில், சாவதற்கு மூன்றரை மாதம் முன்பு, ‘மாக் தீட்டா’ சார்புகள் பற்றி ஹார்டிக்கு எழுதினார் ராமானுஜன். உதாரணங்கள் இருந்தன, தெளிவான வரையறை இல்லை. அவற்றின் குலம் கோத்திரத்தை 2002-இல்தான் ஸ்வேகர்ஸ் என்ற டச்சுக்காரர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கண்டு சொன்னார். இடையில் எத்தனையோ பேர் அந்தக் கடிதத்தோடு மல்லுக்கட்டினார்கள். தாயார் சொன்னது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்திருந்தால், அது இன்னும் புதிராகவே கிடந்திருக்கும்.