கரும்பு டிப்பருக்குப் பின்விளக்கு எங்கே?

ஐம்பது வயது தாண்டிய காருக்கென்று மத்திய அரசு 2021-ல் தனி விதியே கொண்டுவந்தது. ‘வி.ஏ.’ எழுத்து சேர்ந்த பதிவெண், பதிவுக்கு 20,000 ரூபாய், கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுக்கலாம், அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. நல்லதுதான். எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் பழைய வண்டி என்றால் அப்பா காலத்து டிராக்டரும் அதைவிட மூத்த டிப்பரும்தான். அவை பேரணிக்குப் போவதில்லை, கரும்பு ஏற்றப் போகின்றன.

செங்கம் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சர்க்கரை ஆலையில் அரவை தொடங்குமுன் டிப்பர்கள் வரிசைகட்டி வரும். “கொக்கி தேஞ்சிடுச்சிண்ணே, கொஞ்சம் பத்தவெச்சுக் குடு” என்பார்கள். இன்னும் ஒரு டன் ஏற்றலாமே என்று பக்கக் கம்பியை உயர்த்தச் சொல்வார்கள். விளக்கு போடச் சொல்லி வருகிறவர்களைத் தேடத்தான் வேண்டும். டிராக்டரின் பின்னால் டிப்பர் விளக்குக்காகவே கம்பெனி வைத்த ஏழு பின் சாக்கெட் இருக்கும். மூடி உடைந்து உள்ளே சேறு அப்பியிருக்கும். கொக்கியில் மாட்டும் பின் கழன்றுவிடாமல் இருக்க லாக் பின் போட வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருப்பார்கள். எட்டு, பத்து டன் அந்தக் கம்பியை நம்பித்தான் போகிறது.

சட்டத்தில் குறையில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவு, டிரெய்லரின் (நாங்கள் டிப்பர் என்பது இதைத்தான்) பதிவெண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் இருக்க வேண்டும் என்கிறது. பின்னால் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும் என்பது 1989-ம் ஆண்டு விதி. சாலையில் நின்று எண்ணிப் பாருங்கள், எத்தனை டிப்பரில் இவை இருக்கின்றன என்று.

பௌர்ணமி இரவுகளில்தான் எனக்குப் பயம் அதிகம். கிரிவலத்துக்கு பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாகக் கார்கள் பறந்து வரும். எதிரே வரும் பேருந்தின் வெளிச்சத்தில் கண் கூச, முன்னால் தோகையோடு தொங்கும் கரும்பு கடைசி நொடியில்தான் தெரியும். காவல்துறை அவ்வப்போது ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கரும், இரண்டு நடை கரும்பு உரசினால் கிழிந்துவிடும்.

விவசாயிக்கு அபராதம் போட்டுப் பயனில்லை. கட்டிவிட்டு அதே டிப்பரை ஓட்டுவார். கேட்க வேண்டிய இடம் ஆலை வாசல். ஆலை தரும் வெட்டு உத்தரவு இல்லாமல் ஒரு கட்டுக் கரும்புகூட உள்ளே போகாது. அந்தச் சீட்டு கொடுக்கும்போதே பின்விளக்கு, ரிஃப்ளெக்டர், லாக் பின், இந்த மூன்றையும் பார்க்கட்டும். சேஸிஸுக்குக் கீழே ஒரு இரும்புப் பட்டை வைத்து அதில் விளக்கைப் பொருத்தினால் கரும்பு மறைக்காது. அரை நாள் வேலை. செலவு டிராக்டர் டயர் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

செய்யாறு, மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு ஆலைகள் இரண்டும் அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. ஆட்சியர்களும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களும் அங்கிருந்தே இதைத் தொடங்கலாம். அடுத்த அரவைக்குள் உத்தரவு வர வேண்டும்.