பிஞ்சு அல்ல, சூல்பை

பரங்கிக் கொடியில் பெண் பூ மொட்டாக இருக்கும்போதே அதன் அடியில் சிறு உருண்டை தெரியும். அதைப் "பிஞ்சு" என்கிறோம். அது மஞ்சளாகி உதிர்ந்தால், "பிஞ்சு கொட்டுகிறது" என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பெயரில் உள்ள பிழை விவசாயியின் பணத்தைத் தின்கிறது என்பதே என் கருத்து.

அந்த உருண்டை காய் அல்ல, சூல்பை. அதற்குள் இருப்பவை சூல்கள். பூவின் நடுவே தடித்துப் பிரிந்து நிற்பது சூல்முடி. இரண்டையும் இணைப்பது சூல்தண்டு. ஆண் பூவின் மகரந்தம் சூல்முடியில் சேர்ந்து, சூல்கள் கருவுற்ற பிறகே சூல்பை பிஞ்சாகிறது. மகரந்தம் சேராத சூல்பை உதிரத்தான் செய்யும். அதற்கு மருந்து கிடையாது.

பரங்கிப் பூ விடியலில் மலர்ந்து, உச்சிக்குள் வாடிவிடும். அந்த நேரத்தில் மகரந்தத்தைச் சுமப்பது தேனீ. அப்போது பூச்சி மருந்து தெளித்தால் தேனீ சாகும். உதிர்வு இன்னும் கூடும். "காய்க்காத பூ" என்று ஆண் பூக்களை எல்லாம் கிள்ளி எறிவதும் தவறு.

உதிர்ந்ததைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. பொறுக்கி அழித்துவிட வேண்டும். புழுவோ துளையோ இல்லையென்றால் பெரும்பாலும் மகரந்தக் குறைதான். காலையில் புதிதாக மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தப் பையைப் பெண் பூவின் சூல்முடியில் தடவுங்கள். காசு செலவில்லை.

"பிஞ்சு" என்றால் மருந்து நினைவுக்கு வருகிறது. "சூல்பை" என்றால் மகரந்தம் நினைவுக்கு வரும். பாடப் புத்தகச் சொல் வரப்புக்கும் வரட்டும்.