அம்மாவைக் கொன்றது மரபணுவா?

சென்ற மாதம் நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து கேட்டார்: "தோழர், எங்க அம்மாவோட ஜீன்லயே அது இருந்திருக்கும், இல்லையா?"

அவருடைய அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோனார். பாதுகாப்பு என்று அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒரு துணி முகக்கவசம். தொற்று வந்த வீடுகளின் குப்பையை வாரியதும் அவர்தான். தெற்காசியர்களின் உடலிலேயே ஆபத்தான மரபணு இருக்கிறது என்று மகன் எங்கோ படித்திருக்கிறார். அன்று அவருக்கு நாம் அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. அவர் படித்தது பொய் அல்ல. ஒரே வைரஸ் ஒருவருக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போகிறது, இன்னொருவரை வென்டிலேட்டரில் படுக்க வைக்கிறது. இதற்கு வயது, சர்க்கரை நோய், நுரையீரலின் நிலை என்று பல காரணங்கள் உண்டு. மரபணுவும் அவற்றில் ஒன்று. 2020இல் இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, மூன்றாவது குரோமோசோமில் ஒரு பகுதியை நோயின் தீவிரத்தோடு தொடர்புபடுத்தியது. அதே ஆண்டு ஹியூகோ ஜீபர்க், ஸ்வாந்தே பேபோ என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பகுதி நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து நமக்கு வந்தது என்று காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது. ஐரோப்பாவில் 16 விழுக்காடு. வங்கதேசத்தில் 63 விழுக்காடு. ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட இல்லை.

2021இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். வைரஸ் தாக்கும்போது நுரையீரலின் உட்சுவர் செல்கள் தம்மை மாற்றிக்கொண்டு அதன் நுழைவைக் கடினமாக்கும். குறிப்பிட்ட ஒரு மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் அந்தத் தற்காப்பு தடைபடலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இந்த அறிவியலை நாம் ஒதுக்கித் தள்ளக் கூடாது. அதிலிருந்து மருந்தும் வருகிறது. பிரிட்டனின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்தவர்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, அழற்சியைத் தூண்டும் டி.ஒய்.கே.2 என்ற மரபணு கண்ணில் பட்டது. மூட்டுவாத மருந்தான பாரிசிட்டினிப் கொரோனாவிலும் உதவக்கூடும் என்பதற்கு அது வலுச் சேர்த்தது. பிறகு நடந்த பெரிய மருத்துவப் பரிசோதனையில் அந்த மருந்து இறப்பைக் குறைத்தது.

ஆனால் மரபணு ஒரு பங்கைச் சொல்கிறது என்பதும், மரபணுதான் விதி என்பதும் ஒன்றல்ல.

பிரிட்டனையே பாருங்கள். கொரோனாவின் முதல் அலையில் கறுப்பின மக்கள் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இறந்தார்கள். வயதையும் வறுமையையும் கணக்கில் எடுத்த பிறகும் இதுதான் நிலை. அவர்களில் மிகச் சிலரிடம்தான் அந்த நியாண்டர்தால் துண்டு இருக்கிறது. இரண்டாம் அலையில் அந்த இடைவெளி குறைந்தது. சில மாதங்களில் யாருடைய மரபணுவும் மாறாது. மாறியது அவர்களின் சூழ்நிலைதான். வங்கதேச வம்சாவளியினருக்கோ இரண்டாம் அலையிலும் இடைவெளி குறையவில்லை. அங்கே மரபணுவுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் பலர் நெருங்கி வாழும் வீடும், வெளியே போய்த்தான் செய்யவேண்டிய வேலையும் அங்கேயும் உண்டு. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் அந்தத் துண்டு பரவியிருக்கும் அளவைக் கொரோனா பாதிப்போடு ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இரண்டுக்கும் தொடர்பே காணவில்லை.

இன்னொன்றும் உண்டு. மரபணு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் வைரஸ் உள்ளே போக வேண்டும். இருவரில் ஒருவரிடம் இருக்கும் துண்டு ஒரு சாதியின் சொத்தாக இருக்க முடியாது. அது குப்பை வாரியவரிடமும் இருந்திருக்கலாம், கதவை அடைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தவரிடமும் இருந்திருக்கலாம். யாரை வைரஸின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது என்பதை முடிவு செய்தது எந்த குரோமோசோம்?

உடலை அளந்து சாதிக்குக் காரணம் சொல்வது நமக்குப் பழைய கதை. ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து சாதிகளுக்கு இன வரிசை போட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர் பொறுப்பில்தான் நடந்தது. அண்ணல் அம்பேத்கர் அந்த அளவுகளைப் பார்த்து மிரண்டுவிடவில்லை. தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி 1948இல் வெளியான நூலில் அதே வகை அளவுகளை எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனம் அல்ல என்று வாதிட்டார். அறிவியலைக் கண்டு ஓடாமல், அதைப் படித்தே பதில் சொன்னார்.

நாமும் அப்படித்தான் படிக்க வேண்டும். 1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்றார் அம்பேத்கர். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2013இல் வெளியான மரபணு ஆய்வு என்ன சொன்னது? இந்தியாவில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள், பிறகு அகமணம் இறுகி அந்தக் கலப்பு அடங்கியது என்றது. 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்த 2017 ஆய்வு, பல குழுக்களில் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் நடந்ததால் அரிய பரம்பரை நோய்கள் வரும் ஆபத்து கூடியிருப்பதைக் காட்டியது. ஆகவே மரபணு சாதியை எழுதவில்லை. சாதிதான் மரபணுவில் தன் கீறலைப் போட்டிருக்கிறது. அந்தக் கீறல் எல்லாச் சாதியிலும் விழுந்திருக்கிறது.

சரி, நாம் கேட்க வேண்டியது என்ன?

ஒன்று, கணக்கு. ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அந்தத் தரவு இல்லை என்றது ஒன்றிய அரசு. தொழில்வாரியாக, சாதிவாரியாக இறப்பை எண்ணாத நாட்டில், மரபணுவின் பங்கு எவ்வளவு, முகக்கவசம் இல்லாததன் பங்கு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? எண்ணாமல் விட்ட சாவுக்கு உடலைக் காரணம் காட்டுவது எளிது.

இரண்டு, ஆய்வில் இடம். நாட்டில் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுப்பை வாசிக்கும் திட்டம் நடந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் நம் மக்கள் இல்லாவிட்டால் அவற்றிலிருந்து வரும் மருந்தும் நமக்காக இருக்காது. நம் மொழியில் விளக்கி, சம்மதம் வாங்கி, கண்டதைத் திரும்ப வந்து நம்மிடம் சொல்ல வேண்டும். ரத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

மூன்று, நிரந்தர வேலை, தரமான பாதுகாப்பு உடை, சம்பளத்தோடு நோய் விடுப்பு. எந்த மரபணுவோடு பிறந்தவருக்கும் இவை ஆபத்தைக் குறைக்கும்.

தம்பி, உங்கள் அம்மாவின் உடலில் அந்தத் துண்டு இருந்ததா என்று நமக்குத் தெரியாது. யாரும் பரிசோதிக்கவில்லை. இருந்திருந்தாலும், பாதியளவு தெற்காசியர்களைப் போல அவரும் அதோடு நெடுநாள் வாழ்ந்திருக்கலாம். அந்தத் துணி முகக்கவசத்தைக் கொடுத்து அனுப்பியவர்களுக்கு அவருடைய மரபணு சாக்காகிவிடக் கூடாது. உயிரியல் படிக்கிறேன் என்றீர்கள். விடாமல் படியுங்கள். அடுத்த முறை நம் உடலைப் பற்றி எழுதும் இடத்தில் நீங்களும் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.