நாங்கள் எழுதாத தாள்

ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு ஷிப்ட் பஸ் ஏறிய மெயின்டனன்ஸ்காரர்களில் எங்கள் தலைமுறை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய டெஸ்ட் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. "மேனுவல் கிடைக்கலை சார்" என்று கையை விரிக்கிறோம். எங்கே கிடைக்கும்? வைத்திருந்தால்தானே.

அந்தப் பெஞ்சுகளின் கம்ப்யூட்டரில் இருந்த ஐ.எஸ்.ஏ. பஸ்ஸைச் சொல்கிறேன். மதர்போர்டில் கறுப்பாக, நீளமாக இருந்ததே, அந்தச் சொருகு பட்டை. 1981இல் பி.சி. வந்தபோதே ஐ.பி.எம். அதற்கு டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் புத்தகம் போட்டது. 62 பின்னில் எது எதற்கு என்பதிலிருந்து சர்க்யூட் படம், பயாஸ் புரோகிராம் வரை அதில் உண்டு. 1984இல் ஏ.டி. வந்து இன்னும் 36 பின் சேர்ந்தது. குறை டைமிங்கில்தான். எந்த சிக்னல் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்ல ஆளில்லை. பி996 என்ற ஐ.ட்ரிபிள்.இ. தரநிலையும் வரைவோடு நின்றது.

அவர்கள் மேல் போடக்கூடிய பழி அவ்வளவுதான். மீதி எங்களுடையது.

எங்கள் பெஞ்சுகளில் இருந்தவை ஐ.பி.எம். கார்டுகள் அல்ல. பெங்களூரின் சின்னப் பட்டறைகளில் பத்து, இருபது என்று செய்து வாங்கியவை. கூட ஒரு ஜெராக்ஸ் தாள் வரும். அட்ரஸ் 300 ஹெக்ஸ் என்று இருக்கும். ஆனால் கார்டு அட்ரஸின் கடைசிப் பத்து பிட்டை மட்டுமே பார்க்கும் என்பது இருக்காது. அந்தக் காலத்துக் கார்டுகள் பல அப்படித்தான். 700இல் இன்னொரு கார்டைச் சொருகினால் இரண்டுக்கும் அந்தப் பத்து பிட் ஒன்றே. 700ஐக் கூப்பிட்டால் 300ம் வாய் திறக்கும். ஏ.இ.என். லைனைக் கவனிக்காத கார்டு டி.எம்.ஏ. நடுவே குறுக்கே பேசும். அதுவும் தாளில் இராது.

அந்த அட்ரஸ் மோதலைக் கண்டுபிடிக்க எங்களில் ஒருவருக்கு இரண்டு நைட் ஷிப்ட் போனது. ஜம்பரை மாற்றினார், பெஞ்சு ஓடியது, டீ குடிக்கப் போனார். எழுதவில்லை. மூன்று வருஷம் கழித்து அதே பெஞ்சில் இன்னொருவர் இரண்டு ராத்திரியைத் தொலைத்தார். முன்னவர் அப்போது பக்கத்து லைனில்தான் இருந்தார்.

நேரமில்லை என்பது பாதிப் பொய். எழுதி வைத்துவிட்டால் அடுத்த பிரேக்டவுனுக்கு நம்மைத் தேடமாட்டார்களே என்ற பயம்தான். காண்ட்ராக்டில் இருந்தவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நிரந்தர வேலையில் இருந்த எங்களுக்கு என்ன கேடு? சிலர் ஐ.சி. மேலிருந்த நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் வைத்தோம்.

பேனல் கதவின் உள்பக்கம் பென்சிலில் கிறுக்கியது உண்டு. பாதி தமிழ், பாதி கன்னடம், நடுவில் தெலுங்கு. எங்களிடம் இருந்ததிலேயே நல்ல மேனுவல் அதுதான். ஆடிட்டுக்காகப் பெயின்ட் அடித்தபோது அதுவும் போயிற்று. அடிக்கச் சொன்னதும் நாங்களே.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல்லுக்குப் பேர்போனது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக்கூட, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று கல்லில் வெட்டிய மண். நாங்கள் ஒரு ஜம்பருக்குத் தேதி போடவில்லை.

இன்னும் டாஸில் ஓடும் பெஞ்சு வைத்திருப்பவர்களே, அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டைக் கழற்றி இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். ஜம்பர் எங்கே, டிப் சுவிட்ச் எப்படி, அட்ரஸ், ஐ.ஆர்.க்யூ. எண், தேதி எல்லாவற்றையும் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். ஈப்ராம் இருந்தால் ரீடரில் போட்டு ஒரு காப்பி எடுங்கள். அதன் கண்ணாடிமேல் ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிடாதீர்கள். வெயில் பட்டால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும்.