பிலாத்துவின் தீர்ப்பு

இயேசுவைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சிலுவையே விடை. அது ரோமின் தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் என்று வைத்திருந்தது. கி.மு. 71இல் அடிமைக் கலகத் தலைவன் ஸ்பார்டகஸின் ஆட்கள் 6,000 பேரை ஆப்பியன் சாலை நெடுகிலும் அறைந்து நிறுத்தியதும் அதே ரோம்தான். சிலுவையில் மாட்டிய குற்றப் பலகை இயேசுவை யூதரின் அரசன் என்றது. பேரரசன் இருக்கையில் இன்னொருவன் அரசனாவது ராஜத்துரோகம். தீர்ப்பளித்தவன் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்து. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் அவன் பெயரைத்தான் எழுதிவைத்தார்.

தயங்கித் தயங்கிக் கைகழுவும் பிலாத்து நற்செய்தி நூல்களில்தான் வருகிறான். யூத எழுத்தாளர்கள் ஃபிலோவும் ஜோசிபஸும் காட்டும் பிலாத்து இரக்கமில்லாதவன். கெரிசிம் மலையில் சமாரியரை வெட்டிக் கொன்றதால் பதவி பறிபோனவன். நற்செய்திகள் எழுதப்பட்ட காலம் அப்படி. கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை ரோமப் படை எரித்திருந்தது. அந்த ஆட்சியின் கீழேயே உயிர்பிழைக்க வேண்டிய சிறு கிறிஸ்தவக் கூட்டம், ஆளுநர் மேலிருந்த பழியைத் தணித்து எழுதியது.

யூதத் தலைமைக் குரு காய்பாவுக்குப் பொறுப்பில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவரை அந்தப் பதவியில் அமர்த்தியதும் பின்னர் நீக்கியதும் ரோம்தான். திருவிழாவுக்கு அவர் உடுத்தும் குருவுடைகூட ரோமக் காவலில், அந்தோனியா கோட்டையில் பூட்டிக் கிடந்தது.

பழியோ யூத இனத்தின் தலைமுறைகள் அத்தனையின் மேலும் இறங்கியது. 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதர்களைக் குடும்பம் குடும்பமாக அழித்தன. ஜெர்மனியின் ஓபரமர்காவ் ஊரில் இப்பழியையே மேடையேற்றிய திருப்பாடுகளின் நாடகத்தை 1934இல் ஹிட்லர் நேரில் சென்று பார்த்தார். பிற்பாடு பாராட்டியும் பேசினார். 1965 அக்டோபர் 28 அன்றுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அன்றைய யூதர் அனைவர் மீதும் இன்றைய யூதர் மீதும் இப்பழியைச் சுமத்தலாகாது என்று அறிவித்தது. யூதத் தலைவர்கள் சாவைக் கேட்டார்கள் என்று சொல்லும் அந்த அறிவிப்பின் பகுதியில் ரோமின் பெயர் இல்லை. இது சிறிய குறையன்று.

தவக்காலத்தில் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் திருப்பாடுகளின் நாடகங்கள் மேடையேறுகின்றன. அவற்றை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். யூதர் என்றாலே சாவு கேட்டுக் கூச்சலிடும் கூட்டம் என்று காட்டாதீர்கள். சிலுவையின் பின்னே அழுதுகொண்டு போன எருசலேம் பெண்கள் யூதர்கள். உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு யூதர். சிலுவையில் தொங்கியவரும் யூதர். மேடையில் இதைச் சொல்லுங்கள். தீர்ப்பையும் பிலாத்துவின் வாயாலேயே, தயக்கமில்லாமல், சொல்ல வையுங்கள்.