வெனிலாவுக்குக் கல்யாணம் செய்து வைத்த சிறுவன்

'கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. பூவும் நிறையப் பூக்கிறது. ஆனால், ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. என்ன செய்வது?'

பூசணி, தர்பூசணி போட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் இது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய தாவரவியல் அறிஞர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திணற வைத்தது வெனிலா கொடி. தோட்டத்தில் யாரும் செய்யக்கூடிய எளிய வழியைக் கண்டுபிடித்தது ஒரு 12 வயது அடிமைச் சிறுவன். அவன் பெயர் எட்மண்ட். இன்று ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் மணக்கும் இயற்கை வெனிலாவில் பெரும்பகுதி அவன் காட்டிய வழியில் விளைந்ததுதான்.

பூ உண்டு, காய் இல்லை

வெனிலாவின் தாய்வீடு மெக்சிகோ. மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் ஆர்க்கிட் வகைக் கொடி இது. அங்குள்ள தோட்டோனாக் பழங்குடி மக்கள் இதை வளர்த்து வந்தார்கள். 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். வாசனைக்கு ஆசைப்பட்டு, பிற நாட்டவரும் கொடியை எடுத்துப் போய் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது. காய் மட்டும் வரவில்லை. அதனால் 300 ஆண்டுகளுக்கு வெனிலா வியாபாரம் மெக்சிகோவின் கையிலேயே இருந்தது.

காரணம் பூவின் அமைப்பில் இருக்கிறது. வெனிலாவில் ஆண் பாகம், பெண் பாகம் இரண்டும் ஒரே பூவில்தான் உள்ளன. ஆனால், இரண்டுக்கும் நடுவே நாக்கு போல ஒரு மெல்லிய மடல் தடுத்து நிற்கும். காற்று அடித்தாலும் மகரந்தம் அதைத் தாண்டிப் போகாது. மெக்சிகோ காடுகளில் இருக்கும் தேனீக்கள் அந்த வேலையைச் செய்துவிடும். மற்ற நாடுகளுக்குக் கொடி போனது, தேனீ போகவில்லை. போதாக்குறைக்கு, காலையில் விரியும் பூ அன்று பிற்பகலுக்குள் வாடிவிடும்.

1836-ல் பெல்ஜியம் நாட்டின் லியேஜ் நகரில் ஷார்ல் மோரன் என்ற தாவரவியல் பேராசிரியர், கண்ணாடிக்கூடத்தில் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து காய் பிடிக்க வைத்தார். ஆனால், அந்த முறை தோட்டங்களுக்குப் பரவவில்லை.

தீவில் ஒரு கொடி

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது ரீயூனியன் தீவு. அப்போது அதன் பெயர் பூர்போன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்தத் தீவில், கரும்பு, காபித் தோட்டங்களில் அடிமைகள் பாடுபட்டார்கள். 1820-ஐ ஒட்டி அங்கே வெனிலா கொடிகள் வந்து சேர்ந்தன. 20 ஆண்டுகள் ஆகியும் பலன் இல்லை.

எட்மண்ட் 1829-ல் அங்கே செயின்ட் சூசான் என்ற ஊரில் பிறந்தான். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டார். அடிமைக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால், அவன் வெறும் எட்மண்ட். ஃபெரியோல் பெலியே போமோன் என்ற தோட்ட முதலாளியிடம் வளர்ந்தான். செடி கொடிகளில் ஆர்வம் கொண்ட அந்த முதலாளி, சிறுவனைத் தோட்டத்தில் கூடவே அழைத்துக்கொண்டு திரிவார். தர்பூசணி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியில் ஆண் பூவை எடுத்துப் பெண் பூவோடு சேர்த்து வைக்கும் விதத்தையும் அவனுக்குக் காட்டியிருந்தார்.

1841-ல் ஒரு நாள், 20 ஆண்டுகளாகக் காய்க்காத தன் வெனிலா கொடியில் காய் தொங்குவதைப் பார்த்தார் பெலியே போமோன். நான்தான் காய்க்க வைத்தேன் என்றான் எட்மண்ட். அவர் நம்பவில்லை. சில நாள்களில் இன்னொரு காயும் தென்பட்டது. எப்படி என்று செய்து காட்டச் சொன்னார்.

சிறுவன் ஒரு பூவைப் பிடித்து, அதன் அடி இதழைக் கிழித்து விலக்கினான். மூங்கில் சிம்பு போன்ற ஒரு மெல்லிய குச்சியால் நடுவில் இருந்த மடலைத் தூக்கினான். மேலே இருந்த மகரந்தத்தைக் கட்டை விரலால் கீழே இருந்த பெண் பாகத்தின் மேல் அழுத்தினான். வேலை முடிந்தது. சில விநாடிகள்கூட ஆகவில்லை.

பூசணிக் குடும்பத்தில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. வெனிலாவில் இரண்டும் ஒரே பூவுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் பார்த்ததை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்கும் கூர்மை அந்தச் சிறுவனுக்கு இருந்தது.

ஊருக்கு வருமானம், அவருக்கு வறுமை

சேதி பரவியது. பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் எட்மண்டை அழைத்துப் போய், அங்குள்ள அடிமைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார்கள். தீவிலிருந்து வெனிலா கப்பல் ஏறத் தொடங்கியது. 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் ரீயூனியன் மெக்சிகோவையே முந்திவிட்டது. முதலாளிகள் செழித்தார்கள்.

1848-ல் அடிமை முறை ஒழிந்தது. தீவில் 60,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். எட்மண்டுக்கு 'ஆல்பியஸ்' என்ற குடும்பப் பெயரும் கிடைத்தது. நிலமோ பணமோ கிடைக்கவில்லை. நகரத்துக்குப் போய்ச் சமையல் வேலை பார்த்தார். நகைத் திருட்டு வழக்கில் சிக்கி, சிறைத் தண்டனையும் பெற்றார். வெனிலாவுக்கு அவர் செய்ததைச் சுட்டிக்காட்டிச் சிலர் முறையிட்டதால், காலம் முடியும் முன்பே விடுதலையானார்.

இதற்கிடையே, அந்த முறையை நான்தான் தீவில் முதலில் செய்து காட்டினேன் என்று சொன்னார் ரிஷார் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். படித்தவர், பதவியில் இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத முன்னாள் அடிமையின் பேச்சு அவர் முன் எடுபடுமா? அப்போது எட்மண்டுக்காகச் சாட்சி சொன்னவர் பழைய முதலாளி பெலியே போமோன்தான். கண்டுபிடித்தது இந்தச் சிறுவனே என்று எழுத்தில் பதிவு செய்தார். எட்மண்டுக்கு உதவித்தொகை தரும்படி அரசிடம் கேட்டும் பார்த்தார். பலனில்லை.

1880 ஆகஸ்ட் மாதம், பிறந்த ஊரான செயின்ட் சூசானில், ஏழையாகவே கண்ணை மூடினார் எட்மண்ட் ஆல்பியஸ். அவர் இறந்து 100 ஆண்டுகள் கழித்து, அந்த ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

நம்மூருக்கும் வந்த வழி

2000-ல் மடகாஸ்கரைப் புயல் தாக்கியதற்குப் பிறகு, உலகச் சந்தையில் வெனிலா விலை எகிறியது. கேரளம், கர்நாடகத்தைப் போலவே தமிழ்நாட்டின் மலையோரத் தோட்டங்களிலும் பலர் வெனிலா நட்டார்கள். 2003-ல் பதப்படுத்திய வெனிலா கிலோ 400 டாலரைத் தாண்டியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் விலை சரிந்து பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். விலையை நம்பி இறங்கியவர்களுக்கு அது கசப்பான பாடம். ஆனால், விடிகாலையில் குச்சியும் கையுமாகப் பூவைத் தேடிப் போனவர்கள், தெரிந்தோ தெரியாமலோ எட்மண்டின் கைப்பக்குவத்தைத்தான் பின்பற்றினார்கள். ரீயூனியனில் இந்த வேலையைச் செய்யும் பெண்களைக் 'கல்யாணம் செய்து வைப்பவர்கள்' என்றே சொல்கிறார்கள். கைதேர்ந்தவர் ஒரே நாளில் 1,000 பூக்களுக்கு மேல் முடித்துவிடுவார்.

காய் பிடிக்காத பூசணிக்கும் மருந்து இதுதான். காம்போடு ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். பூசணி, தர்பூசணிக்குக் காலை 9 மணிக்குள் செய்ய வேண்டும். சுரைக்காய், பீர்க்கன் பூக்கள் மாலையில் விரிபவை. அவற்றுக்கு அந்தி நேரமே சரி. தேனீ வரும் நேரத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்காமல் இருந்தால், பாதி வேலையைத் தேனீயே பார்த்துக்கொள்ளும்.

எந்தப் பயிரானாலும், பூ எப்போது விரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் குனிந்து பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது இன்னும் நல்லது. எட்மண்டுக்கு எழுதத் தெரியவில்லை. அவருக்காக இன்னொருவர்தான் எழுத வேண்டியிருந்தது.