விண்மீன் குடும்பத்தின் வயது

கார்த்திகை விண்மீன்களின் வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று முன்பொருமுறை இப்பகுதியில் எழுதியிருந்தோம். “அவற்றின் ஞானஸ்நானப் பதிவேடு எந்தப் பங்கில் இருக்கிறது?” என்று வெண்ணந்தூரிலிருந்து அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார். வினாவில் கேலி இருப்பினும் நியாயமும் இருக்கிறது.

தனித்து நிற்கும் விண்மீனின் வயதைக் கணிப்பது மிகக் கடினம். நம் கதிரவனின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் என்பதுகூட, வானிலிருந்து வீழ்ந்த கற்களை ஆய்ந்தே தெளிவாயிற்று. ஆனால் கார்த்திகையோ ஒரு குடும்பம். ஒரே முகிலில், ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த உடன்பிறப்புகள். அங்கேதான் வழி பிறக்கிறது.

கல்லறைத் திருநாள் மாலையில் நாம் ஏற்றும் மெழுகுதிரிகளை நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே வேளையில் ஏற்றப்பட்டவை. எவை அணைந்தன, எவை எரிகின்றன என்று பார்த்தே, ஏற்றி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடலாம். திரிகளில் சிறியவை முதலில் அணையும். விண்மீன்களிலோ பெரியவையே முந்திக்கொள்கின்றன. கதிரவனைப்போல் பத்து மடங்கு பொருள் கொண்ட விண்மீன், சில ஆயிரம் மடங்கு ஒளியை வாரி இறைக்கிறது. ஆகவே இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் அதன் எரிபொருள் தீர்ந்துவிடுகிறது. சிக்கனமான கதிரவனுக்கோ ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு வாழ்நாள்.

பெரியது எது, சிறியது எது என்பதை நிறமே காட்டிக்கொடுக்கிறது. 1860-களில் உரோமையில், புனித இஞ்ஞாசியார் ஆலயக் கூரைமீது தொலைநோக்கி அமைத்திருந்த இயேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி, சுமார் 4,000 விண்மீன்களின் ஒளியைப் பிரித்து வகைப்படுத்தினார். பொருள் மிகுந்தவை நீலமாகவும் குறைந்தவை சிவப்பாகவும் ஒளிர்கின்றன என்பது பின்னர் விளங்கிற்று. நீல விண்மீன் எரிபொருள் தீரும்போது வீங்கிச் சிவக்கிறது. எனவே கூட்டத்தின் ஒவ்வொரு விண்மீனையும் ஒளி, நிறம் இரண்டாலும் வரைபடத்தில் குறித்து, நீலப்புறத்தில் வரிசை எந்த இடத்தில் முறிந்து திரும்புகிறது என்று பார்க்கின்றனர். அத்திருப்பமே பதிவேடு!

வெண்ணந்தூர் அன்பர் கார்த்திகை மாத முன்னிரவில் கிழக்கு வானத்தை நோக்கட்டும். கார்த்திகையில் நீலம் இன்னும் மங்கவில்லை. அதனை அடுத்து, உரோகிணியைச் சூழ்ந்துள்ள கூட்டத்தில் நீலப் பெரியவை மறைந்துவிட்டன. சில வீங்கிச் சிவந்தும் நிற்கின்றன. அதன் வயது ஏறத்தாழ 65 கோடி ஆண்டு. (உரோகிணி அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று, வழியில் குறுக்கே நிற்கும் அயலார்.)

இக்கணக்கை ஏமாற்றுவோரும் உளர். துருவ விண்மீனுக்கு அருகே, 600 கோடி ஆண்டுகளைக் கடந்த பழங்கூட்டம் ஒன்றில், இருக்கவே கூடாத நீல விண்மீன்கள் சில இளமையோடு ஒளிர்கின்றன. அவற்றுள் ஒன்றை, 2015-இல் நம் நாடு ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியால் ஆராய்ந்தனர், பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அன்னபூரணி சுப்பிரமணியமும் அவர்தம் குழுவினரும். அதன் அருகிலேயே, மூப்பெய்திய வெப்பம் மிக்க துணை விண்மீன் ஒன்று ஒளிந்திருப்பதை 2016-இல் வெளியிட்டனர். அத்துணையின் பொருளை உறிஞ்சியே இது இளமை பெற்றிருக்கிறது. வயதைக் கணிக்கும்போது இத்தகையவற்றை ஒதுக்கிவிட்டே கணக்கிடுகின்றனர்.